ஊருடன் பகைத்த டாக்டர்: 'மக்கள் எதிரி' நான்காம் அங்கத்தை வாசிக்க யோசனை தேவை

1. நடுப்பலகை

வணக்கம். வாசிப்பு வட்டத்தில் இந்த மாதத் தலைப்பு "ஊரை எதிர்த்து நின்ற பாத்திரங்கள்". நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'மக்கள் எதிரி' (1882) நாடகத்தில் நான்காம் அங்கத்தை மட்டும், கையில் பிரதியோடு உட்கார்ந்து வாசிப்பதாகத் திட்டம். படிப்பவர்கள் 12 பேர். கேட்பவர்கள் 30 பேர் இருக்கலாம். மொத்தம் 60 நிமிடம், ஒத்திகை இரண்டே தடவை.

மூன்று இடத்தில் முட்டுகிறது. அந்த அங்கம் முழுக்க டாக்டர் கூட்டும் ஒரு ஊர்க்கூட்டம், 12 பேரை வைத்து அதை எப்படிக் காட்டுவது? டாக்டர் நாய் ஜாதியை உதாரணம் காட்டிப் பேசும் நீண்ட பேச்சு இன்றைக்குக் காதுக்கு ஆகாது, வெட்டலாமா? மூன்றாவதுதான் பெரிய தகராறு. எங்களில் பாதிப் பேர் டாக்டரைக் கதாநாயகனாகப் படிக்க வேண்டும் என்கிறார்கள், மீதிப் பேர் அவர் வெறும் வாய்த்துடுக்கு என்கிறார்கள். இதில் தெளிவு வராமல் யாரும் தொனி பிடிக்க முடியவில்லை.

2. அரங்கவாசி

நாலாவது அங்கத்தில் நேராகக் குதிக்காதீங்க. கதை தெரியாதவருக்கு அது ஒரு சத்தக் கச்சேரி, அவ்வளவுதான். முன்னால் 10 நிமிடம் மூன்றாம் அங்கத்திலிருந்து வைங்க. அதற்கும் முன்னால் ஒருவர் எழுந்து சங்கதியை நாலு வரியில் சொல்லிவிடட்டும்.

சங்கதி இது. நார்வேயில் ஒரு கடற்கரைச் சிற்றூர். மருத்துவக் குளியல் நிலையம் வந்த பிறகு ஊருக்கே வருமானம். மேல்பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கும் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு குழாய்த் தண்ணீரில் கலக்கிறது. குழாயை இன்னும் மேலே இருந்து எடுங்கள் என்று நம் டாக்டர் ஸ்டாக்மன் அப்போதே சொன்னார், நிர்வாகம் கேட்கவில்லை. போன வருஷம் குளிக்க வந்தவர்களுக்கு டைபாய்டும் வயிற்றுக் காய்ச்சலும். டாக்டர் சத்தமில்லாமல் தண்ணீர் மாதிரியைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிறார். முடிவு முதல் அங்கத்தில் தபாலில் வந்து சேர்கிறது. அண்ணன் பீட்டர் ஊர் மேயர், குளியல் நிலையத்துக்கும் தலைவர். குழாயை மாற்ற லட்சக்கணக்கில் குரோனர் ஆகும், இரண்டு வருஷம் நிலையத்தை மூட வேண்டும் என்று அவர் கணக்கு சொல்கிறார்.

இப்போது மூன்றாம் அங்கம், பத்திரிகை அலுவலகம். டாக்டரின் கட்டுரை அச்சுக்குப் போகத் தயார். ஆசிரியர் ஹோவ்ஸ்டாட், உதவியாள் பில்லிங், அச்சகக்காரர் அஸ்லாக்சன் மூவரும் டாக்டர் பக்கம். மேயர் பின்வாசல் வழியாக வருகிறார். கவனமாகப் படிங்க: இந்த இடத்தில் "தண்ணீர் கெட்டதா" என்ற கேள்வி ஓரமாகப் போய்விடுகிறது. பேச்சு முழுக்க யார் காசு என்பதுதான். பங்குதாரர்கள் தர மாட்டார்கள், நகரசபை கடன் வாங்கணும், கடன் வரியாக வீட்டுக்காரர்கள் தலையில் விழும். அஸ்லாக்சன் யார்? வீட்டுக்காரர் சங்கத் தலைவர். முதலில் சாய்வது அவர்தான். பத்திரிகை அவர் அச்சு இயந்திரத்தில் ஓடுவதால் ஹோவ்ஸ்டாட் அடுத்து. பில்லிங் அந்த நேரத்தில் நகர மன்றத்தில் ஒரு வேலைக்கு மனுப் போட்டிருக்கிறார், அவரைத் தள்ளக்கூட வேண்டியதில்லை.

இந்த வரிசை கேட்பவர் மனதில் உட்கார்ந்துவிட்டால் நாலாம் அங்கத்துக் கூட்டம் புரியும். மந்தை என்று ஒரே சொல்லில் ஒதுக்கத் தோன்றாது.

3. மைக்கூடு

ஆள் பிரிப்பு: டாக்டர், மேயர், அஸ்லாக்சன், ஹோவ்ஸ்டாட், பில்லிங், மனைவி கத்ரீனா, மகள் பெட்ரா, கப்பல் கேப்டன் ஹோர்ஸ்டர். எட்டு ஆயிற்று. மாமனார் மார்ட்டன் கீலையும் கப்பல் முதலாளி விக்கையும் ஒருவரே படிக்கலாம், இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. கூட்டத்தில் புகுந்துவிடும் குடிகாரருக்குத் தனி ஆள் வேண்டும், இரட்டிப்பாகப் போடாதீர்கள். குடிமக்கள் வசனத்துக்கு இருவர். கூட்டிப் பார்த்தால் 12. பெட்ராவுக்கு இந்த அங்கத்தில் வசனம் குறைவு, அரங்கக் குறிப்புகளையும் அவரே படிக்கட்டும்.

குடிமக்கள் இருவரையும் கேட்பவர்களுக்கு நடுவே உட்கார வையுங்கள், ஒருவர் முன்வரிசை, ஒருவர் கடைசி. முன்னால் 12 நாற்காலி போட்டு எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்தால் கூட்டம் என்ற உணர்வே செத்துவிடும். குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும்போதுதான் கேட்பவர் தோள் குறுகும்.

பொருள்: சின்ன மேசை, இரண்டு மெழுகுவர்த்தி, தண்ணீர்க் கூஜா, ஒரு டம்ளர், ஒரு கைமணி. நாடகத்தில் உள்ளதே இவ்வளவுதான். மணி அஸ்லாக்சன் கையில். அதை ஓங்கி அடித்தால் பாத்திரம் போச்சு. அவர் வாயைத் திறந்தால் "மிதம், மிதம்" என்பவர், மதுவிலக்குக்காகவும் பாடுபடுகிறவர். மணியும் மிதமாகத்தான் ஒலிக்கணும். பள்ளிக்கூட மணி வேண்டாம், பூஜை மணி அளவு போதும்.

4. ஒருசீட்டு

மணியைச் சொன்னதால் அதன் தொடர்ச்சியாக ஒன்று. டாக்டரை அந்த அறையில் யாரும் கழுத்தைப் பிடித்து அடக்கவில்லை. எல்லாம் கூட்ட நடைமுறைப்படி நடக்கிறது. பிரதியில் இந்தப் படிகளுக்குப் பென்சிலால் எண் போட்டுக்கொள்ளுங்கள்:

டாக்டர் பேச எழுகிறார். "முதலில் தலைவர் தேர்வு" என்று குரல். தேவையில்லை என்கிறார் டாக்டர், அவர் கூட்டிய கூட்டம் அது. எடுபடவில்லை. மேயர் தான் தலைமை ஏற்க மறுத்து அஸ்லாக்சனை முன்மொழிகிறார். தலைவர் வந்ததும் மேயர் ஒரு தீர்மானம்: நீர் பற்றிய அறிக்கையை டாக்டர் இங்கே வாசிக்கக் கூடாது. அஸ்லாக்சன் வழிமொழிகிறார். ஹோவ்ஸ்டாட் தன் பத்திரிகை ஏன் பின்வாங்கியது என்று கண்ணியமாக விளக்கம் தருகிறார். இவ்வளவு ஆன பிறகே டாக்டருக்கு வாய் கிடைக்கிறது, அதுவும் தண்ணீரைப் பற்றிப் பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு.

இந்தப் பகுதியைக் கோபமாகப் படித்தால் கெட்டது. பஞ்சாயத்து அலுவலகக் கூட்டக் குறிப்பு வாசிக்கிற தொனி போதும். மரியாதையான குரலில் நடப்பதால்தான் அச்சம் வருகிறது.

பிறகு ஒரு திருப்பம், இதை நிறையப் பேர் தவற விடுகிறார்கள். டாக்டர் முதலில் ஊர்ப் பெரிய மனிதர்களைத் திட்டுகிறார். கூட்டம் சிரிக்கிறது, ரசிக்கிறது. அடுத்து, சத்தியத்துக்கு மோசமான எதிரி அவர்கள் இல்லை, இறுகிக் கிடக்கும் பெரும்பான்மைதான் என்கிறார். அங்கேதான் அறை வெடிக்கிறது. குடிமக்களைப் படிக்கும் இருவரும் அதுவரை டாக்டருக்குச் சாதகமாகச் சிரித்தே ஆகணும். முதல் வரியிலிருந்தே உறுமினால் திரும்புவதற்கு இடம் இருக்காது.

5. புளிக்கரைசல்

எல்லோரும் டாக்டருக்கு மாலை போட்டுக்கொண்டே போகிறீர்கள். என் கட்சி வேறு. இந்த மனிதரிடம் இருப்பது பாதி துணிச்சல், பாதி அப்பாவித்தனம், மேலே கொஞ்சம் தற்பெருமை.

ஆதாரம் மூன்றாம் அங்கத்தில் இருக்கிறது. மேயர் வந்து எல்லோரையும் திருப்பிவிட்டு உள்ளறையில் ஒளிந்திருக்கிறார். ஒன்றும் தெரியாத டாக்டர் உள்ளே வந்து ஹோவ்ஸ்டாடிடம் கெஞ்சாக் குறையாகக் கேட்கிறார்: எனக்காகத் தீப்பந்த ஊர்வலம், பாராட்டு, பரிசு நிதி என்று ஏதாவது ஏற்பாடு நடந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள் என்று. அவர் தலையில் ஊர் ஏற்கெனவே கல்லைத் தூக்கிப் போட்டாயிற்று, இவர் மாலையை மறுத்துக்கொண்டிருக்கிறார்! அடுத்த நிமிடம் மேயரின் அதிகாரத் தொப்பியும் கைத்தடியும் கண்ணில் படுகின்றன. தொப்பியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு, இனி ஊருக்கு நான்தான் அதிகாரி என்று அறைக்குள் உலாத்துகிறார்.

இப்சனே பதிப்பாளர் ஹேகலுக்கு 1882 செப்டம்பரில் எழுதிய கடிதத்தில், எனக்கும் டாக்டருக்கும் நன்றாக ஒத்துப்போனது, ஆனால் அவர் என்னைவிடக் குழப்பத் தலை என்ற பொருளில் எழுதியிருக்கிறார். ஆசிரியரே சிரித்துக்கொண்டு படைத்த ஆளை நாம் ஏன் சிலையாக்க வேண்டும்?

6. அரங்கவாசி

அப்பாவி என்பதை ஒத்துக்கொள்கிறேன். தொப்பிக் காட்சியை எவ்வளவு சிரிக்கச் சிரிக்கப் படித்தாலும் தகும். ஆனால் அப்பாவி என்பதால் துணிச்சல் குறைந்துவிடாது. விலை தெரியாமல் தொடங்கினார், சரி. இரண்டாம் அங்கத்திலேயே மேயர் வேலை போகும் என்று சொல்லிவிட்டார். "ஊரைப் பழிக்கிறவன் சமூகத்தின் எதிரி" என்ற வசைக்கும் அங்கேதான் பிள்ளையார் சுழி. விலைச்சீட்டைக் காட்டிய பிறகும் வாங்குகிறார் அல்லவா? தற்பெருமைக்காரனும் பட்டபின் நிற்கலாம்.

7. மைக்கூடு

நாய்ப் பேச்சுக்கு வருகிறேன். 1950இல் அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் இதை நியூயார்க்கின் பிராட்வே மேடைக்காக மறு ஆக்கம் செய்தபோது, உயர்ந்த வளர்ப்பு நாயும் தெரு நாயும் என்று பிறப்பின் மேன்மை பேசும் பகுதியைக் கழற்றிவிட்டார். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐந்து வருஷம். மேடையில் ஒரு நல்ல மனிதர் இரத்த உயர்வு பேசினால் அன்றைய பார்வையாளர் வேறு யாரையோ நினைத்திருப்பார். அவர் செய்தது அந்தக் காலத்துக்குப் புரிகிறது. ஆனால் முழுக்கக் கழற்றினால் ஒரு நஷ்டம் உண்டு: டாக்டர் தண்ணீர் போலச் சுத்தமாகிவிடுவார், கூட்டத்தின் கோபத்துக்குக் காரணமே இல்லாமல் போகும். கேட்பவர் சுலபமாக டாக்டர் பக்கம் சாய்ந்து, தானும் வீரன் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவார்.

முழுசாக வைத்தாலும் நஷ்டம். பேச்சு நீளம், நடுவில் ஆள் சோர்ந்துவிடும்.

என் யோசனை: உண்மைக்கு வயசாகும், 17, 18, மிஞ்சினால் 20 வருஷம் என்று அவர் சொல்லும் பகுதி முழுதாக இருக்கட்டும், அது நன்றாக ஓடும். நாய் உதாரணத்தில் ஏழெட்டு வரி வையுங்கள். உடனே ஹோவ்ஸ்டாட் "நான் சாதாரணக் குடியானவன் வீட்டுப் பிள்ளை, அதில் எனக்குப் பெருமை" என்று பதில் கொடுப்பதை வெட்டவே வெட்டாதீர்கள், அது நியாயமான பதில். அதற்கு டாக்டரின் மறுமொழியும் வேண்டும்: கீழ்த்தரம் என்று நான் சொல்வது ஏழைகளை இல்லை, அது மேல் தட்டு வரை ஊர்ந்து போகும், இதோ என் அண்ணன் பீட்டரே உதாரணம், எங்கள் மூதாதை பொமரேனியாவிலிருந்து வந்த ஒரு கடற்கொள்ளைக்காரன் என்கிறார். மேயர் துடிக்கிறார். சிரிப்பு வரும், கூடவே அந்தப் பேச்சில் பிறப்பு எவ்வளவு, குணம் எவ்வளவு என்று கேட்பவர் தானே பிரித்துப் பார்ப்பார். சங்கடம் மிச்சம் இருக்கட்டும், பரவாயில்லை.

8. நடுப்பலகை

ஏழெட்டு வரி நியாயமாகப் படுகிறது. ஹோவ்ஸ்டாட் படிப்பவரிடம் "நீங்கள் கெட்டவர் இல்லை" என்று சொல்லிவிடுகிறேன். கிரேக்க நாடகமான 'ஆன்டிகனி'யை (அரசன் தடையை மீறித் தன் சகோதரனை அடக்கம் செய்யும் பெண்ணின் கதை) ஒப்பிட்டு 5 நிமிடம் பேசலாமா என்று ஒருவர் கேட்கிறார். இரண்டும் ஒரே கதைதானே, தனி ஆள், ஊர், சட்டம்?

9. ஒருசீட்டு

வேண்டாம். மேலே பார்த்தால் ஒன்று போல, உள்ளே நேர் எதிர். சோஃபக்கிளீஸ் நாடகத்தில் ஊர் உள்ளுக்குள் ஆன்டிகனி பக்கம். அதை அரசன் கிரியோனிடம் போய்ச் சொல்வதே அவன் மகன் ஹீமோன்தான்: உன் முகத்துக்கு அஞ்சி ஊர் பேசாமல் இருக்கிறது, இருட்டில் அவளுக்காக அழுகிறது என்று. அங்கே பயம் ராஜாவிடம். இங்கே ராஜா இல்லை, கூட்டத்தின் முடிவில் ஊரே வோட்டுப் போட்டு டாக்டரை 'மக்கள் எதிரி' என்று தள்ளிவைக்கிறது. 5 நிமிடத்தில் இரண்டையும் சேர்த்துக் குழைத்தால் ரெண்டுமே கெடும். அந்த 5 நிமிடத்தை ஹோர்ஸ்டருக்குக் கொடுங்கள்.

10. அரங்கவாசி

ஹோர்ஸ்டர்! யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

மொத்த நாடகத்திலும் இந்தக் கேப்டனுக்கு வசனம் கொஞ்சம்தான். முதல் அங்கத்தில் பில்லிங் அவரை மடக்குகிறார்: சமூகம் ஒரு கப்பல் மாதிரி, சுக்கானில் எல்லோரும் கை வைக்கணும், நீங்கள் ஏன் ஊர் விஷயத்தில் கலந்துகொள்வதில்லை? அவர் பதில்: கரையில் அது சரிவரலாம், கப்பலில் சரிவராது. அவ்வளவுதான். ஊர் அரசியல் தனக்குப் புரியாது என்று ஒதுங்கியே இருப்பவர்.

ஊரில் ஒரு மண்டபமும் டாக்டருக்குக் கிடைக்காதபோது தன் வீட்டுப் பெரிய கூடத்தைத் திறந்துவிடுகிறவர் இவர். நாலாம் அங்கத்தில் வோட்டுச் சீட்டு வசூலாகிக்கொண்டிருக்கும் இரைச்சலில் கப்பல் முதலாளி விக் வந்து, மக்கள் எதிரிக்கெல்லாம் வீடு கொடுப்பீர்களோ என்கிறார். என் சொத்து, என் இஷ்டம் என்கிறார் ஹோர்ஸ்டர். அப்படியானால் என் சொத்தை நான் என் இஷ்டப்படி செய்வதிலும் உங்களுக்கு ஆட்சேபம் இருக்காது என்கிறார் விக். என்ன சொல்கிறீர்கள் என்றால், நாளைக்குத் தெரியும் என்று போய்விடுகிறார். மறுநாள் கப்பல் கையை விட்டுப் போகிறது.

நான்கைந்து வரி. வோட்டு இரைச்சலில் இது கரைந்து போவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. இந்த இடத்தில் மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். சீட்டு எடுக்கும் சத்தம் மட்டும் கேட்கட்டும்.

டாக்டருக்குப் பேச ஒரு மேடை, எதிர்க்க ஒரு ஊர், மனசுக்குள் ஒரு கொள்கை எல்லாம் இருந்தன. இவருக்கு இது எதுவும் இல்லை. சரி என்று பட்டதைச் செய்தார், வேலை போனது, அதைப் பற்றி ஒரு சொற்பொழிவும் இல்லை. இந்த நாடகத்தில் துணிச்சலை அளக்கிற முழக்கோல் என் கணக்கில் இவர்தான். டாக்டரைக்கூட இவர் பக்கத்தில் நிறுத்தித்தான் அளக்கணும்.

11. புளிக்கரைசல்

இதில் நான் உடன்படுகிறேன், அதிசயம்.

கத்ரீனாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் அங்கத்தில், பலம் இல்லாத நியாயத்தால் என்ன பயன் என்று கணவரைத் தடுப்பவர் அவர்தான். மூன்றாம் அங்கத்தில் கணவரைக் கையோடு வீட்டுக்கு இழுத்துப் போகத்தான் பத்திரிகை அலுவலகத்துக்கு வருகிறார். வந்த இடத்தில் எல்லோரும் திரும்பிவிட்டதைப் பார்த்த பிறகு, அவர் மட்டும் எதிர்த்திசையில் திரும்புகிறார்: ஒரு கிழவியும் ஒருமுறை ஆண்பிள்ளையாக நிற்க முடியும் என்று காட்டுகிறேன் என்று. கணவர் பேச்சால் மனம் மாறவில்லை, மற்றவர்கள் கட்சி மாறிய லட்சணத்தைப் பார்த்து மாறினார். 10 நிமிட முன்பகுதியை இந்த வரியோடு முடித்தால் எடுப்பாக இருக்கும்.

12. கற்பூரவல்லி

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும். கத்ரீனாவைச் சொன்னதும் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' ஞாபகம் வராமல் இருக்குமா? 1966இல் விகடனில் வந்தது. மழையில் முன்பின் தெரியாதவன் காரில் ஏறிய பெண், அங்கே தனக்கு நேர்ந்ததை வீட்டுக்கு வந்து சொல்கிறாள். அம்மா முதலில் பதறுகிறாள், பிறகு மகள் தலையில் தண்ணீரைக் கொட்டி நீ சுத்தம் என்கிறாள். வெளியே யாருக்கும் தெரியாமல் மூடிவிடுகிறாள். அன்று அதற்கு எவ்வளவு எதிர்ப்பு. பிறகு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் அதே இரவையே எடுத்துக்கொண்டு, அம்மா கத்தி ஊரைக் கூட்டிவிட்டால் அந்தப் பெண் என்ன ஆவாள் என்று எழுதினார். மாறுவது ஒரே ஒரு செய்கை. நாவலில் கங்கா என்று பெயர் பெறும் அந்தப் பெண்ணின் வாழ்க்கை முழுக்க அதிலிருந்து பிரிகிறது.

துணிச்சல் என்றால் கூட்டத்தில் எழுந்து பேசுவது என்றே நினைக்கிறோம். அந்த அம்மாவின் துணிச்சல், ஊருக்கு ஒரு சொல்கூடக் கொடுக்காததில் இருக்கிறது. ஸ்டாக்மன் உண்மையை ஊருக்குச் சொன்னார், இவள் ஊரிடமிருந்து உண்மையை மறைத்தாள். இரண்டும் ஊருக்கு எதிரானவைதான்.

13. ஒருசீட்டு

விலகல் இல்லை, நல்ல ஒப்பீடு. ஒரே ஒரு எச்சரிக்கை: தண்ணீரில் கிருமி இருந்தால் மறைப்பவன் கொலைகாரன், மகளுக்கு நேர்ந்ததை மறைப்பவள் காவல்காரி. யாருடைய உண்மை, அது வெளியே போனால் அடி யாருக்கு என்று கேட்காமல் "உண்மை பேசுவதே துணிச்சல்" என்று சூத்திரம் போட்டால் இரண்டு படைப்பும் நழுவிப் போகும். வாசிப்புக்குப் பிறகு பேச இதை எடுத்துக்கொள்ளலாம். வாசிப்புக்குள் சொருக வேண்டாம்.

14. மைக்கூடு

ஐந்தாம் அங்கத்திலிருந்து ஐந்து நிமிடம் பின்னொட்டாக வைக்க முடியுமா பாருங்கள். அடக்குமுறை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அதைவிடத் துல்லியமான இடம் நாலாம் அங்கத்தில்கூட இல்லை.

மறுநாள் காலை. ஜன்னல் கண்ணாடி உடைந்து கிடக்கிறது. டாக்டர் அலமாரிக்கு அடியில் துழாவிக் கற்களைப் பொறுக்கிக் குவிக்கிறார், பையன்களுக்குப் பரம்பரைச் சொத்தாக வைப்பாராம். குவியலில் உருப்படியான கல் இரண்டுதான், மீதி வெறும் சரளை என்று கணக்கும் சொல்கிறார். எறிவதில்கூட ஊருக்கு முழு மனசு இல்லை! கண்ணாடி போடுகிறவர் இன்றைக்கு வர முடியுமா தெரியாது என்று சொல்லியனுப்புகிறார். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிக் கடிதம்: பொதுஜன அபிப்பிராயத்தை மீற அவருக்குத் தைரியமில்லை. பெட்ராவைப் பள்ளியிலிருந்து நிறுத்தியாயிற்று: தலைமை ஆசிரியைக்கு மனசே இல்லை, ஆனால் தைரியமில்லை. ஹோர்ஸ்டர் வந்து, விக் நல்ல மனிதர்தான், தைரியம் இருந்தால் என்னை வைத்துக்கொண்டிருப்பார் என்கிறார், கோபமே இல்லாமல். இனி டாக்டரிடம் வைத்தியத்துக்குப் போக மாட்டோம் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார்கள். அதிலும் கையெழுத்துப் போடாமலிருக்க ஒருவருக்கும் தைரியமில்லை என்கிறார் மேயர்.

எத்தனை "தைரியமில்லை" பாருங்கள். டாக்டரை வெறுப்பவர் இந்தப் பட்டியலில் அநேகமாக யாருமில்லை. ஒவ்வொருவரும் அடுத்த வீட்டுக்காரருக்குப் பயப்படுகிறார், அடுத்த வீட்டுக்காரர் இவருக்குப் பயப்படுகிறார். இதைப் படிக்கையில் ஒவ்வொரு முறையும் அதே சொல்லை, அதே ஏற்ற இறக்கத்தில் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பில் அழகுக்காக "துணியவில்லை", "அஞ்சுகிறார்", "இயலவில்லை" என்று மாற்றி மாற்றிப் போட்டிருந்தால் பென்சிலால் அடித்துவிட்டு ஒரே சொல்லாக்குங்கள்.

15. கற்பூரவல்லி

அந்தக் காட்சியில் கிழிந்த கால்சட்டை வசனத்தை விட்டுவிடாதீர்கள். சுதந்திரத்துக்கும் உண்மைக்கும் போராடப் போகிறவன் நல்ல கால்சட்டை போட்டுக்கொண்டு போகக் கூடாது என்பார் டாக்டர். சிரிப்பு வரி. 1901 மார்ச்சில் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் நடிகரும் இயக்குநருமான ஸ்டனிஸ்லாவ்ஸ்கி டாக்டராக நடித்தபோது, அன்று பகலில் கசான் சதுக்கத்தில் மாணவர் ஊர்வலத்தை அடித்து நொறுக்கியிருந்தார்கள். இந்த வரி வந்ததும் கொட்டகை எழுந்து நின்று ஆரவாரம் செய்தது, ஆட்கள் மேடைக்கே ஓடிவந்து கைகொடுத்தார்கள் என்று அவரே தன் வாழ்க்கை நூலில் எழுதியிருக்கிறார். சிரிப்பு வரி எந்த நாளில் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது.

16. புளிக்கரைசல்

அதுதான் ஆபத்தும். அன்று கைதட்டியவர்கள் டாக்டர் பெரும்பான்மையை ஏசுவதைக் காதில் வாங்கவில்லை, அவர்களே அந்தக் கொட்டகையில் பெரும்பான்மை.

சத்யஜித் ரேயும் 1989இல் இந்த நாடகத்தை 'கணசத்ரு' என்று படமாக எடுத்தபோது முடிவை மாற்றினார். குளியல் நிலையம் கோயிலாகவும், குழாய்த் தண்ணீர் தீர்த்தமாகவும் ஆனது மிகப் பொருத்தம். துளசி போட்டால் தண்ணீர் சுத்தமாகிவிடும் என்று வாதிடும் இடம் நம் ஊருக்கு அப்படியே பொருந்தும். ஆனால் கடைசியில் படித்த இளைஞர்கள் டாக்டருக்கு ஆதரவாகத் திரண்டு வரும் குரல் கேட்கிறது. இப்சனில் அப்படி யாரும் வருவதில்லை. தெருப் பையன்கள் ஒரு டஜன் பேரைச் சேர்த்து ஹோர்ஸ்டர் வீட்டில் பள்ளிக்கூடம் நடத்தப் போகிறேன் என்று டாக்டர் திட்டம் போடுகிறார். உலகத்திலேயே பலசாலி தனித்து நிற்பவன்தான் என்று முழங்குகிறார். முழங்கும்போது மனைவி, மகள், இரண்டு பையன்கள் அவரைச் சுற்றி நிற்கிறார்கள்! கத்ரீனா சிரித்துக்கொண்டே, இல்லை என்பதுபோலத் தலையாட்டுகிறார் என்று குறிப்பு. அந்தத் தலையாட்டல்தான் எனக்குப் பிடித்த வசனம். பெட்ரா படிப்பவர் அந்தக் குறிப்பைச் சத்தமாகப் படிக்கட்டும்.

17. நடுப்பலகை

எல்லோருக்கும் நன்றி. இப்போதைய கணக்கு: முன்கதை 3 நிமிடம், மூன்றாம் அங்கத்திலிருந்து 10 (கத்ரீனா வரியோடு முடிவு), நாலாம் அங்கம் வெட்டியபின் 30, ஐந்தாம் அங்கத்து "தைரியமில்லை" வரிசையும் கடைசி வரியும் 7. மொத்தம் 50. பேச 10 நிமிடம் மிச்சம். ஹோர்ஸ்டர், விக் உரையாடலுக்குச் சிவப்புக் கோடு போட்டாயிற்று.

ஒரு சந்தேகம். வோட்டெடுப்பில் கேட்பவர்களையும் சேர்த்துக்கொள்ளலாமா? ஜெர்மன் இயக்குநர் ஓஸ்டர்மையர் 2012இல் செய்த தயாரிப்பில் இந்த அங்கத்தில் பார்வையாளர்களையே பேச வைத்தார் என்று படித்தேன்.

18. அரங்கவாசி

பேச விட்டால் 60 நிமிடத்தில் முடியாது, மைக் பிடித்தவர் இறங்க மாட்டார். சீட்டு மட்டும் கொடுங்கள். பிரதியில் உள்ளபடி பில்லிங்கிடம் இரண்டு நிறக் காகிதம் இருக்கும்: நீலம் என்றால் இல்லை, வெள்ளை என்றால் ஆம், அதாவது இவர் மக்கள் எதிரி. ஆளுக்கு இரண்டும் கொடுத்து, ஒன்றை மடித்து அஸ்லாக்சன் தொப்பியில் போடச் சொல்லுங்கள். உள்ளங்கை அளவுத் தாள் போதும், ஒரு ஏ4 தாளில் எட்டு வரும். நிறத்தை அந்த இடத்தில் ஒரு தடவை தெளிவாகச் சொல்லணும், இல்லாவிட்டால் பாதிப் பேர் மாற்றிப் போடுவார்கள். வசூலுக்கு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் கீலும் விக்கும் பேசி முடித்துவிட வேண்டும்.

19. நடுப்பலகை

வந்திருப்பவர்கள் எல்லோரும் நல்லவர்கள். நீலம்தான் குவியும். அப்புறம் அஸ்லாக்சன் எப்படி "ஏகமனதாக" என்று அறிவிப்பார்?

20. ஒருசீட்டு

பிரதியைப் பாருங்கள் சார். அஸ்லாக்சன் எத்தனை வெள்ளை, எத்தனை நீலம் என்று ஓர் எண்ணும் சொல்வதில்லை. "குடிபோதையில் இருந்த ஒருவர் நீங்கலாக, இந்தக் கூட்டம் ஏகமனதாக" என்றுதான் படிக்கிறார். அடுத்து ஊருக்கு வாழ்த்து, தம்பி என்றும் பாராமல் கடமை செய்த மேயருக்கு வாழ்த்து. நீலம் எவ்வளவு வந்தாலும் வரட்டும். தொப்பியை எட்டிக்கூடப் பார்க்காமல் வரியை அப்படியே படித்துவிட்டு, சீட்டுகளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்ளட்டும். மணியை ஒரு தடவை, மிதமாக.

21. மைக்கூடு

கோட்டுப் பை பெரிதாக இருக்கிற ஆளாகப் பாருங்கள். 30 சீட்டு.

22. நடுப்பலகை

நீலத் தாள் நாலு, வெள்ளை நாலு வாங்கியாயிற்று. குடிகாரர் பாத்திரத்துக்குத்தான் இப்போது மூன்று பேர் போட்டி போடுகிறார்கள்.